அம்மாவுடன் ட்ராஸ்டெவெரே: ஒரு மாலையை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: ஏப்ரல் நடுவில் நானும் கணவரும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரோம் போகிறோம். மூன்று நாள்தான் இருப்போம். ரோமின் பழைய பகுதியான ட்ராஸ்டெவெரேயில் இருக்கும் சாந்தா மரியா சதுக்கத்தைத் தவறவிடாதீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அங்கே போய்வந்தால் போதுமா? அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. முட்டைகூடத் தொடாத சைவம்.

பதில்: சாப்பாட்டுக்கு மட்டும் போகாதீர்கள். எட்டு மணிக்கு மேல் போனால் கூட்டமும் உணவக மேசைகளும்தான் கண்ணில் படும். அந்தச் சதுக்கத்துக்கு உயிரே அதன் மேற்குப் பக்கம் நிற்கும் சாந்தா மரியா தேவாலயம்தான். மாலை ஐந்து மணிக்கே போய்விடுங்கள். ஏப்ரல் நடுவில் அங்கே சூரியன் மறைய ஏழே முக்காலுக்கு மேல் ஆகும். உள்ளே பார்த்து முடித்து வெளியே வரும்போது முகப்பில் சின்னச் சில்லுகள் பதித்துச் செய்த பொன்னிற மொசைக் ஓவியமும் மணிக்கோபுரமும் இன்னும் வெளிச்சத்தில் இருக்கும்.

கட்டணம் இல்லை. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புடவை, சுடிதார் எதுவும் சரி, உங்கள் கணவர் அரைக்கால் சட்டையைத் தவிர்க்கட்டும். நாணயம் போட்டால் விளக்கு எரியும் பெட்டிகள் ரோம் தேவாலயங்களில் பரவலாக உண்டு, அதனால் கொஞ்சம் சில்லறை கையில் இருக்கட்டும்.

முன்மண்டபச் சுவர்களில் பழைய கல்வெட்டுத் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். அங்கே இரண்டு நிமிடம் போதும். உள்ளே போனதும் நேராகப் பலிபீடத்தின் பக்கம் நடங்கள். இன்றைய கட்டடம் பெரும்பாலும் 1140-களில் போப்பாண்டவர் இரண்டாம் இன்னசென்ட் எழுப்பியது. இருபுறமும் நிற்கும் கிரானைட் தூண்கள் பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்துவந்தவை. பலிபீடத்துக்கு மேலே அரைவட்டக் கூரையின் மொசைக்கில் ஏசுவும் மரியாளும் ஒரே அரியணையில் அமர்ந்திருக்கிறார்கள். ஏசுவின் கை தாயின் தோளை அணைத்திருக்கிறது. இடது ஓரத்தில் இந்தத் தேவாலயத்தின் மாதிரியைக் கையில் ஏந்தி நிற்பவர்தான் இன்னசென்ட்.

அதற்குக் கீழே மரியாளின் வாழ்க்கையைச் சொல்லும் ஆறு காட்சிகள் இருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பியெத்ரோ கவல்லீனி என்ற ஓவியர் மொசைக்கில் செய்தவை. கிறிஸ்து பிறப்புக் காட்சியில் கீழே ஒரு சின்னக் கட்டடம் தெரியும். அதிலிருந்து மெல்லிய ஓடை ஒன்று டைபர் ஆற்றை நோக்கி ஓடும். அது தண்ணீர் இல்லை, எண்ணெய். கி.மு. 38-இல் இந்த இடத்தில் நிலத்திலிருந்து எண்ணெய் பொங்கியது என்பது ரோமின் பழங்கதை. மெசியா, அதாவது மீட்பர், வருவதற்கு அதை முன்னறிகுறியாகப் பிறகு கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த இடம் என்று பலிபீடத்துக்கு அருகே தரையில் ஒரு குறியும் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டு அந்த ஓடையைத் தேடச் சொல்லுங்கள். பெஞ்சில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்பதால் முழங்காலுக்கும் ஓய்வு.

அப்புறம் சதுக்கம். நடுவில் இருக்கும் எண்கோண நீரூற்றை 17-ஆம் நூற்றாண்டில் சிற்பி பெர்னினியும் அவருக்குப் பின் கட்டடக் கலைஞர் கார்லோ ஃபொன்தானாவும் மாற்றியமைத்தார்கள். அதன் படிகளில் சாப்பாட்டைப் பரப்புவதும் தொட்டியில் இறங்குவதும் அபராதத்தில் கொண்டுவிடும். வலியோடு அந்தப் படிகளில் அம்மாவை உட்கார வைக்கவும் வேண்டாம். சதுக்கத்து மேசை ஒன்றில் ஆளுக்கு ஒரு காபி சொல்லுங்கள். நின்று குடிப்பதைவிட விலை கூடத்தான், ஆனால் அவசரமில்லாமல் ஒரு மணி நேரம் உட்காரக் கிடைக்கும் இடத்துக்கு அது நியாயமான விலை. வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளி, சனி இரவுகளில் சந்துகளில் நடக்கவே இடம் இருக்காது.

ஒட்டியே இருக்கும் சான்ட் எஜிதியோ சதுக்கத்தையும் ஒரு எட்டு பாருங்கள். 1968-இல் ரோமின் பள்ளி மாணவர்கள் தொடங்கிய அதே பெயருள்ள கத்தோலிக்கச் சேவை அமைப்பின் இருப்பிடம் அங்கேதான். மொசாம்பிக் உள்நாட்டுப் போரை முடித்த 1992 ஒப்பந்தத்துக்கு நடுவர்களாக நின்றவர்கள் இவர்கள். எனக்கு இந்தப் பகுதியின் மேல் மதிப்பு கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். பாலாடைக்கட்டியும் மிளகும் சேர்த்த பாஸ்தாவான ‘காச்சியோ எ பெப்பே’ சைவம் என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். அதில் சேரும் பெக்கொரீனோ ரொமானோ பாலாடைக்கட்டியை ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைக்கிறார்கள். தொன்னரெல்லி வகைப் பாஸ்தா என்றால் முட்டையும் உண்டு. ‘சுப்ளி’ என்ற அரிசி உருண்டையில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். பாலாடைக்கட்டி இல்லாத மரினாரா பிட்சா, தக்காளி மட்டும் சேர்த்த ஸ்பகெட்டி, ஆலிவ் எண்ணெயில் வதக்கிய கீரை இவை அம்மாவுக்கு ஏற்றவை. ஏப்ரல் ஆர்டிசோக் என்ற பூமொட்டுக் காயின் பருவம், பூண்டும் புதினாவும் சேர்த்து வேகவைத்தது அருமையாக இருக்கும். எதைக் கேட்டாலும் ‘சென்ட்சா கார்னே, சென்ட்சா பெஷே, சென்ட்சா உவோவா’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், முட்டை வேண்டாம். மீனைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நெத்திலி பல காய்கறி உணவுகளில் ஒளிந்திருக்கும்.

போவதற்கு வெனேசியா சதுக்கத்திலிருந்து 8-ஆம் எண் டிராம். டைபர் ஆற்றைத் தாண்டியதும் முதல் நிறுத்தத்தில் இறங்கினால் சில நிமிட நடை. கூட்டத்தில் கைப்பையை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். சந்துகளில் தரையெல்லாம் கருங்கல் பாவியது, மேடும் பள்ளமுமாக இருக்கும். அம்மாவுக்குத் தட்டையான ஷூதான், செருப்பு வேண்டாம். திரும்பும்போது ட்ராஸ்டெவெரே பெருஞ்சாலைக்கு நடந்துவந்து, வெள்ளை நிற டாக்சியில் மீட்டர் போட்டுப் போய்விடுங்கள்.