மைலோமான்னு சொல்லிட்டாங்க, மனசை என்ன செய்வது? கேள்வி பதில்

நான் தண்டையார்பேட்டைக்காரி. இரத்தப் புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய் வந்த குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். அடியோடு குணமாகாது என்று டாக்டர் சொன்ன பிறகு மனசு படும் பாட்டைப் பற்றிக் கேளுங்கள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதையெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஆரம்பிக்கும் முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன்: முதுகு வலி என்று மருந்துக்கடையில் டைக்ளோபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடாதீர்கள். மைலோமா ஏற்கெனவே சிறுநீரகத்தைக் குறிவைக்கிற நோய்.

வியாசர்பாடி: வயசு 52. போன வாரம்தான் சொன்னாங்க. "குணமாகாது, ஆனா ட்ரீட்மென்ட் இருக்கு"ன்னார் டாக்டர். முதல் பாதிதான் காதுல விழுந்துச்சு. ராத்திரி தூக்கமே இல்ல அக்கா.

தம்பி, எல்லாருக்கும் முதல் பாதிதான் விழும். அதற்கப்புறம் டாக்டர் சொன்ன எதுவும் மண்டையில் ஏறியிருக்காது. அதனால் அடுத்த ஓபிக்குத் தனியாகப் போகாதீர்கள். கேட்டு எழுதிக்கொள்ள ஒருத்தரைக் கூட்டிப் போங்கள்.

இரண்டாவது பாதியை நான் சொல்கிறேன். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ப்ளாஸ்மா செல் என்ற வகை கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் இந்த நோய். மருந்து கொடுத்தால் அடங்கும். மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ அடங்கிக் கிடக்கும். பிறகு தலைதூக்கும், அப்போது வேறு மருந்து. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மெல்ஃபலான், ப்ரெட்னிசலோன் தாண்டி எங்கள் கையில் பெரிதாக எதுவும் இல்லை. 1999இல் தாலிடமைட் இந்த நோயில் வேலை செய்கிறது என்று தெரிந்தது. 2003இல் அமெரிக்காவில் போர்டிசோமிப்புக்கு அனுமதி கிடைத்தது, பின்னாலேயே லெனலிடோமைட். உடம்பு தாங்குகிறவர்களுக்கு, ரத்தத்தை உருவாக்கும் அவர்களுடைய ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்துத் திருப்பிச் செலுத்தும் சிகிச்சையும் இருக்கிறது. இதில் எது உங்களுக்கு என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

"சுகர் மாதிரிதான்பா, மாத்திர போட்டுக்கினா போச்சு" என்று யாராவது தேற்றினால் எரிச்சல் வரும். அந்த எரிச்சல் நியாயம்தான். இது சுகர் மாதிரி இல்லை. பெரிய நோய் வந்திருக்கிறது, பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வீட்டில் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் ராத்திரி கொஞ்சம் இறங்கும். யாரிடம் சொல்லலாம் என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள். தூக்கம் இல்லாததை டாக்டரிடமும் சொல்லுங்கள். டெக்ஸா (டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை) ஆரம்பித்திருந்தால் அதுவும் காரணமாக இருக்கலாம்.

திருவொற்றியூர்: எத்தனை வருஷம் இருப்பாங்க?

நேராகக் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். நெட்டில் பார்க்கிற சராசரி, பல வருடங்களுக்கு முன்னால் சிகிச்சை எடுத்தவர்களைக் கணக்கெடுத்தது. உங்கள் ஆளுக்கு வயது என்ன, சிறுநீரகம் எப்படி, குரோமோசோம் பரிசோதனையில் என்ன வந்தது, முதல் மருந்துக்கு நோய் எவ்வளவு இறங்கியது என்பதையெல்லாம் பார்த்துத்தான் எதையும் சொல்ல முடியும். அதைச் சொல்லக்கூடியவர் அவருடைய டாக்டர். அவரிடமும் ஒரே எண்ணைக் கேட்காதீர்கள். நல்லா போனா எப்படி, மோசமா போனா எப்படி, பெரும்பாலானவங்களுக்கு எப்படி என்று மூன்றாகக் கேளுங்கள். தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லலாம்.

பெரம்பூர், மனைவி: எங்க வீட்டுக்காரர் அதிர்ந்து பேசாதவர். இப்ப வாரத்துல ஒரு நாள் தட்டைத் தூக்கி எறியறார். ரெண்டு நாள் கழிச்சு சுருண்டு படுத்து அழறார். பாத்ரூம்ல போய் நான் அழறேன்.

மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கம்மா. டெக்ஸாமெத்தசோன் வாரம் ஒரு நாள் என்று இருக்கும். அது ஸ்டீராய்டு. போட்ட அன்று உடம்பில் வேகம் ஏறும், தூக்கம் போகும், சின்ன விஷயத்துக்கும் கோபம் வெடிக்கும். ஓரிரு நாளில் அந்த வேகம் இறங்கும்போது ஆளே நொறுங்கிப் போவார். காலண்டரில் டெக்ஸா நாளைக் குறித்து, அதோடு கோபத்தையும் அழுகையையும் குறியுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் இரண்டும் ஒட்டி வருவது உங்களுக்கே தெரியும். தெரிந்ததும் அவரிடமும் காட்டுங்கள். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருப்பார்.

மாத்திரையைக் காலையில் சாப்பிட்டவுடன் போடச் சொல்லுங்கள். அந்த நாளில் கடன், சொத்து, பிள்ளை கல்யாணம் என்று எந்தப் பேச்சும் வேண்டாம். குறித்து வைத்ததை டாக்டரிடம் காட்டினால் அளவைக் குறைக்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரையும் ஏறும், அதையும் பாருங்கள்.

பாத்ரூமில் அழாதீர்கள். அவர் முன்னால் ஒரு தடவை அழுங்கள். கூடவே இருக்கிறாள் என்று அவருக்கும் தெரியட்டும்.

கொடுங்கையூர்: பேத்திக்குத் தொத்துமா?

தொத்தாது. மடியில் வைத்துக் கொஞ்சட்டும். பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் இருக்கும் நாளில் மட்டும் தள்ளி இருக்கட்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் லெனலிடோமைட் கேப்ஸ்யூலைத் தொட வேண்டாம், வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து.

காசிமேடு, மகன்: நைனாவுக்கு 67. எலும்பு தேய்மானம், ரத்தம் கம்மின்னு சொல்லி வச்சுக்கினு கீறோம். உண்மைய சொன்னா உடைஞ்சிடுவாருன்னு அண்ணன் சொல்லுது. சொல்லணுமா?

சொல்லணும். அவர் உடம்பு, அவர் விஷயம். மறைப்பதால் என்ன ஆகிறது என்று வார்டில் பார்த்திருக்கிறேன். தேய்மானம் என்று நம்புகிறவர், வலி குறைந்ததும் மாத்திரையை நிறுத்துவார். வலி வந்தால் கடையில் ஊசி போட்டுக்கொள்வார். காய்ச்சல் 100.4 டிகிரி தாண்டினாலும் கஷாயம் குடித்துப் படுப்பார், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காய்ச்சல் அது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ராயபுரம், மருமகன்: கோச்சுக்காதீங்க அக்கா. எங்க மாமாகிட்ட சொன்னோம். அன்னிக்கே சாப்பாட்ட வுட்டுட்டாரு. சொல்லாம இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பாரு. உங்களுக்கு சொல்றது சுலபம்.

சுலபம் இல்லை தம்பி. எப்படிச் சொன்னீர்கள்? வராந்தாவில் நின்று ஒரு தடவை சொல்லிவிட்டு, அப்புறம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்தீர்களா? சொன்னதைவிட அந்த மௌனம்தான் பலரைச் சாய்க்கிறது. இன்னொன்று முக்கியம்: சாப்பாட்டை விட்டது மனசால்தான் என்று முடிவு கட்டாதீர்கள். மைலோமாவில் எலும்பு கரைந்து ரத்தத்தில் கால்சியம் ஏறினாலும் பசி செத்துவிடும், தாகம் எடுக்கும், மலம் இறுகும், பேச்சு குழறும். கால்சியம் பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் நாளைக் காலையிலேயே கூட்டிப் போங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை: நானே பேஷன்ட். எங்கிட்டயும் மறைச்சாங்க. ஆஸ்பத்திரி ஃபைல பார்த்து நானே தெரிஞ்சுக்கினேன். அவங்க நடிக்கிறாங்கன்னு தெரிஞ்சு நானும் நாலு மாசம் நடிச்சேன். அந்த நாலு மாசம்தான் நரகம்.

ராயபுரம் தம்பி, காசிமேட்டு அண்ணன், இரண்டு பேரும் இதை இன்னொரு தடவை படியுங்கள்.

ராயபுரம், மருமகன்: எல்லா மனுசனும் ஒண்ணு இல்லியே அக்கா?

அதை ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் எடுத்த எடுப்பில் நோயின் பெயரைப் போட்டு உடைக்காதீர்கள். முதலில் கேளுங்கள்: "உடம்புக்கு என்னன்னு டாக்டர் சொல்றத நீங்களே கேக்கறீங்களா, இல்ல நாங்க கேட்டு பாத்துக்கட்டுமா?" சிலர் "நீங்களே பாத்துக்குங்க" என்பார்கள். அதுவும் அவர் எடுத்த முடிவுதான், மதிக்க வேண்டும். அந்த முடிவை அவரைக் கேட்காமல் பிள்ளைகள் எடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். கேட்கும் நாள் டெக்ஸா நாளாகவோ அதற்கு மறுநாளாகவோ இருக்க வேண்டாம். சொன்ன மறுநாளும் அதற்கடுத்த நாளும் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

எண்ணூர்: அனல்மின் நிலைய சாம்பல், மணலி பக்கத்து ஃபாக்டரி புகை... இதனாலதான் வந்துச்சா? இங்கயே இருந்தது எங்க தப்பா?

உங்கள் தப்பு இல்லை. ஒரு தனி ஆளுக்கு மைலோமா ஏன் வந்தது என்று யாராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. வயது ஏற ஏற வாய்ப்பு ஏறும் என்பது தெரியும். சாம்பலுக்கும் புகைக்கும் எதிராகச் சண்டை போடத் தனியாக ஆயிரம் காரணம் இருக்கிறது, போடுங்கள். அந்தக் கணக்கில் உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள்.

புளியந்தோப்பு: எத்தன வருசம்னு சொல்லுங்க.

திருவொற்றியூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மாதவரம்: காப்பீட்டுல வருமா?

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. எந்த மருந்துக்குக் கிடைக்கும் என்பதை ஆஸ்பத்திரியில் இருக்கும் அந்தத் திட்டக் கவுன்டரில் கேளுங்கள்.

பெயர் வேண்டாம்: எல்லாருக்கும் பாரமா இருக்கேன். போயிட்டா நல்லதுன்னு தோணுது. மூணு வாரமா இப்படி.

கண்ணு, மற்ற கேள்வியெல்லாம் நிற்கட்டும். இப்போதே 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பக்கத்தில் யார் இருந்தாலும் "எனக்கு இப்படித் தோணுது, தனியா விடாதீங்க" என்று சொல்லுங்கள். மாத்திரை டப்பாவை அவர்கள் கையில் கொடுங்கள். செய்துவிடுவோம் என்று தோன்றினால் 108. விடிந்ததும் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது உங்கள் புற்றுநோய் டாக்டரிடமே சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிற இந்த இருட்டு மருந்துக்கும் பேச்சுக்கும் கட்டுப்படுகிற நோய். மைலோமா இருப்பவருக்கும் அது சரியாகும், சரியானவர்களைப் பார்த்திருக்கிறேன். பேசிவிட்டு எனக்கும் தகவல் கொடுங்கள், காத்திருக்கிறேன்.

மூலக்கடை: ஸ்டேஜ் மூணுன்னா எவ்வளவு வருஷம்?

மேலே இரண்டு தடவை வந்துவிட்டது. மூன்றாவது நிலையிலும் மருந்து இருக்கிறது என்பது மட்டும் புதிதாகச் சொல்ல வேண்டியது.

கொருக்குப்பேட்டை: அம்மாவுக்கு இடுப்பு வலி. ரிசல்ட் வர்ற வரைக்கும் கடையில ஒரு வலி மாத்திரை வாங்கித் தரலாமா?

வேண்டாம். முதல் பத்தியிலேயே இதைத்தான் சொன்னேன். டாக்டருக்குப் போன் போட்டு பாராசிட்டமால் தரலாமா என்று கேளுங்கள். கால் மரத்தாலோ, நடக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் நின்றாலோ முதுகுத்தண்டு நரம்பு அமுங்கியிருக்கலாம். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அந்த நிமிஷமே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.