60 எம்பி, ஒரே வரி: எந்த எடிட்டரில் திறப்பது?

கேள்வி: எங்கள் மளிகைக் கடை பில் மென்பொருளிலிருந்து சரக்குப் பட்டியலை ஜேசன் (JSON என்ற தரவு வடிவம்) கோப்பாக எடுத்தேன். 60 எம்பி (மெகாபைட்), முழுவதும் ஒரே வரியில் இருக்கிறது. திறந்தாலே எடிட்டர் ஹேங் ஆகிவிடுகிறது. சில விலைகளைத் திருத்த வேண்டும். இதற்கு எந்த எடிட்டர் நல்லது?

பதில்: சிக்கல் 60 எம்பியில் இல்லை. அதே கோப்பு லட்சம் வரிகளாக இருந்தால் உங்கள் எடிட்டரே சிரமமில்லாமல் திறந்துவிடும். பெரும்பாலான எடிட்டர்கள் திரையில் தெரியும் ஐம்பது அறுபது வரிகளை மட்டும் எடுத்து, அகலம் பார்த்து மடக்கி, வண்ணம் கொடுத்துக் காட்டுகின்றன. உங்கள் கோப்பில் அந்த ஒரு வரிதான் மொத்தக் கோப்பும். ஓர் எழுத்தைத் தட்டினாலும் கணக்கை வரியின் தலையிலிருந்து போட வேண்டியதாகிவிடுகிறது.

ஆகவே முதலில் வரியை உடையுங்கள். என் கை போவது ஜேக்யூ என்ற சிறிய இலவசக் கருவிக்குத்தான். ஒற்றைப் புள்ளியைக் கட்டளையாகக் கொடுத்தால் போதும், ஒவ்வொரு விவரத்தையும் தனி வரியில் அடுக்கித் தரும். திருத்தி முடித்ததும் அதே கருவியால் பழையபடி ஒரே வரியாகச் சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் 1.7 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்கட்டும். 1.6 பதிப்பில் 17 இலக்க பில் எண் போன்றவற்றின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் மாறிவிடக்கூடும்.

பைத்தான் நிரல்மொழியுடன் வரும் ஜேசன் டூல் என்ற கருவியும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் அது தமிழ் எழுத்துகளை யூனிகோடு எண்களாக்கிவிடும். 'துவரம் பருப்பு' என்பதில் 'து' மட்டுமே 12 குறிகளாக நீளும். அப்புறம் பருப்பைத் தேடினால் கிடைக்காது. பைத்தான் 3.9 முதல் இதைத் தடுக்க ஒரு விருப்பம் உண்டு, மறக்காமல் போடுங்கள்.

சரி, வரியை உடைக்கவே கூடாது என்றால்? விம் என்ற எடிட்டரை எடுங்கள். சொந்த அமைப்புகளையும் ஸ்வாப் கோப்பையும் (விம் தானே உருவாக்கும் தற்காலிகக் கோப்பு) தவிர்த்துத் திறந்து, வரி மடக்குதலையும் வண்ணத்தையும் அணைத்துவிடுங்கள். முக்கால்வாசிச் சுமை அந்த இரண்டில்தான். ஈமேக்ஸ் என்ற எடிட்டர் நீண்ட வரிகளில் திணறுவதற்குப் பேர்போனது. 2023-இல் வந்த 29-ஆம் பதிப்பில் நிலைமை நன்றாகத் தேறிவிட்டது. பழைய பதிப்பு வைத்திருந்தால் புதுப்பித்த பிறகு முயலுங்கள்.

விஎஸ் கோட் எடிட்டர் ஒரு வரியில் 10,000 எழுத்துகளுக்கு மேல் இயல்பாகக் காட்டாது. மீதி அழிந்துவிட்டது என்று பதற வேண்டாம். கோப்பில் எல்லாம் அப்படியே இருக்கும், திரையில் வரைவதை மட்டும்தான் நிறுத்தியிருக்கிறது.

ஒரு பொருளின் விலை என்ன என்று பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால் எடிட்டரே வேண்டாம். கிரெப் என்ற தேடல் கட்டளையில் அந்தப் பெயரையும் அதன் இருபக்கமும் 80 எழுத்துகளையும் மட்டும் காட்டச் சொல்லலாம். வெறும் பெயரைக் கொடுத்தால் 60 எம்பியும் திரையில் கொட்டும்.

எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். விம் சேமிக்கும்போது கோப்பின் கடைசியில் வரிமுடிவுக் குறி இல்லையென்றால் தானே ஒன்றைச் சேர்த்துவிடும். நீங்கள் எதையும் மாற்றாமலே கோப்பு ஒரு பைட் கூடியிருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். ஜேசனுக்கு அதனால் கெடுதல் இல்லை.