ஸ்ப்ரே கன்னை இரவெல்லாம் தின்னரில் ஊறப்போடலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் கிராவிட்டி கன்னை (மேலே பெயின்ட் கப் உள்ள ஸ்ப்ரே கன்) அப்படியே தின்னர் டப்பாவில் இரவெல்லாம் ஊறப்போடுகிறேன். இருந்தும் பெயின்ட் பிறை மாதிரி ஒரு பக்கம் வளைந்து விழுகிறது. சில நேரம் விட்டுவிட்டுத் துப்புகிறது. புதுக் கன் வாங்க வேண்டியதுதானா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஊறப்போடுவதை நிறுத்துங்கள். முழுக் கன்னும் தின்னரில் கிடந்தால் நீடில் பேக்கிங் (பெயின்டைத் திறந்து மூடும் ஊசியைச் சுற்றியுள்ள சீல்) உப்பிக் கெடும், ஆயில் பசை கழுவிப் போய்விடும். அதைவிட மோசம், டப்பா அடியில் கரைந்து கிடக்கும் பழைய பெயின்ட் காற்று வழிக்குள் புகுந்து காய்ந்துவிடும். பெயின்டே போகக்கூடாத இடம் அது.

பிறைக்குக் காரணம் எது என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய பேப்பரில் ஒரு தடவை அடியுங்கள். ஏர் கேப்பை (கன் முகப்பில் காற்று வரும் மூடி) அரைச் சுற்று திருப்பி மறுபடி அடியுங்கள். வளைவும் பக்கம் மாறினால் கேப்பின் கொம்புத் துளை (இரு பக்கமும் நீட்டியிருக்கும் கொம்பில் உள்ள காற்றுத் துளை) அடைத்திருக்கிறது. மாறாமல் அப்படியே விழுந்தால் நாசில் (பெயின்ட் வெளிவரும் முனை) நுனியில் பெயின்ட் ஒட்டியிருக்கும், அல்லது நுனி அடிபட்டிருக்கும். கேப்பை மட்டும் தின்னரில் பத்து நிமிடம் போட்டு, ஈர்க்குச்சியால் துளையைச் சுத்தம் செய்யுங்கள். கம்பி, குண்டூசி கூடவே கூடாது. துளை கொஞ்சம் பெரிதானாலும் பெயின்ட் விழும் பழைய பேட்டர்ன் வராது. கேப்பை மாற்ற வேண்டியதுதான்.

துப்புவதற்குக் காரணம் வேறு: பெயின்ட் வழியில் காற்று கலக்கிறது. ட்ரிகரை அழுத்தும்போது கப்புக்குள் குமிழி வந்தால் நாசில் லூசாக இருக்கும், அல்லது அது உட்காரும் இடத்தில் அழுக்கு இருக்கும். குமிழி இல்லையென்றால் கப் மூடியின் காற்றுத் துளையையும் நீடில் பேக்கிங்கையும் பாருங்கள். பேக்கிங் காய்ந்திருந்தால் கன் ஆயில் ஒரு சொட்டு போதும். சிலிக்கான் கலந்த ஆயில், ஸ்ப்ரே எதுவும் பட்டறைக்குள்ளேயே வரக்கூடாது. அடுத்த வண்டியின் பெயின்டில் ஃபிஷ் ஐ என்கிற சின்னப் பள்ளங்கள் குழி குழியாக நிற்கும்.

டூகே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கும் பளபளப்புப் பூச்சு) அடித்தால் டீ குடிக்கக்கூடப் போகாமல் கன்னைக் கழுவுங்கள். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் காய்ந்தாலும் தின்னரில் கரையும். ஹார்டனர் சேர்ந்த கிளியர் இறுகினால் கரையாது. மிச்சத்தைக் கொட்டி, 50 மில்லி தின்னர் ஊற்றிக் குலுக்கி, காற்று வருவதை நிறுத்திவிட்டு ட்ரிகரை அழுத்தி வழியவிடுங்கள். தெளிவாக வரும்வரை புதுத் தின்னர் ஊற்றுங்கள். கையுறையும், ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்கும் கழுவும்போதும் வேண்டும். பக்கத்தில் பீடி, வெல்டிங் எதுவும் ஆகாது.

கழற்றும்போது கேப், நீடில், கடைசியாக நாசில். மாட்டும்போது நாசில் முதலில். நீடில் உள்ளே இருக்கும்போதே நாசிலைத் திருகினால் நுனி உரசிக் கீறும். அப்புறம் ட்ரிகரை விட்டாலும் பெயின்ட் சொட்டும். உங்கள் பக்கம் கிரானைட் தூசி அதிகம். கழுவிய பாகங்களைத் திறந்தபடி காயவைக்காமல், காற்றடித்து உலர்த்தி உடனே மாட்டி, கப்பை மூடித் தொங்கவிடுங்கள்.