நூற்றாண்டு அழைப்பிதழில் எந்த ஆண்டை இடுவது?

உங்கள் பாடசாலை தொடங்கிய ஆண்டு எது என்பதில் மூத்த பழைய மாணவர்கள் இருவர் முரண்படுவதால், அழைப்பிதழில் தொடக்க ஆண்டைக் குறிப்பிடாமல் "நூற்றாண்டு விழா" என்று மட்டும் அச்சிடுங்கள். அவர்கள் கூறும் இரண்டு ஆண்டுகளையும் விளக்கத்துடன் விழா மலரில் சேர்த்துக்கொள்ளலாம்.

இருவரும் சரியாகவே சொல்லியிருக்கக்கூடும். கிடுகு (தென்னோலை) வேய்ந்த கொட்டகையில் வகுப்புத் தொடங்கிய ஆண்டு ஒன்றாகவும், அரசின் உதவி நன்கொடைக்குப் பாடசாலை பதிவான ஆண்டு வேறாகவும் இருப்பதே இத்தகைய முரண்பாட்டுக்குப் பெரும்பாலும் காரணம்.

மாணவர் சேர்ந்த விவரங்களைப் பதியும் சேர்விடாப்பு 1978 நவம்பர் சூறாவளியில் அழிந்துவிட்டது என்கிறீர்கள். அப்படியானால், நினைவுக் கட்டுரை கேட்கும்போதே ஒவ்வொருவரிடமும் விடுகைப் பத்திரத்தின் (பாடசாலையை விட்டு விலகும்போது தரும் சான்றிதழின்) படத்தையும் கேட்டு வாங்கி, அதிலுள்ள சேர்விலக்கத்தையும் (சேர்விடாப்பில் மாணவருக்குரிய வரிசை எண்ணையும்) சேர்ந்த திகதியையும் வரிசைப்படுத்திப் பாருங்கள். தொடக்க காலம் ஓரளவு புலப்படும். இலங்கையின் கிழக்கே கல்முனைப் பக்கப் பாடசாலை என்பதால், அம்பாறை தனி மாவட்டமான 1961ஆம் ஆண்டுக்கு முந்திய கடிதங்களை மட்டக்களப்புக் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகத்திலும்) விசாரிக்க வேண்டும். அம்பாறையில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை: 1960களின் தொடக்கத்தில் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது சில இடங்களில் சேர்விலக்கம் மீண்டும் 1இலிருந்து தொடங்கியிருக்கலாம். ஆகவே சிறிய இலக்கம் மட்டும் சான்றாகாது.

ஊர் ஒன்றுகூடல்களில் முதியவர்களிடம் "எந்த ஆண்டு சேர்ந்தீர்கள்" என்று கேட்பதைவிட, நினைவில் நிற்கும் நிகழ்வைச் சொல்லி "1957 வெள்ளத்துக்கு முன்பா, பின்பா" என்று கேட்பது பயன் தரும்.