ஸீன் (zine), ஆர்ட்டிஸ்ட் புக் இரண்டும் ஒன்றுதானா? நானே அச்சடித்து வெளியிட்டால் அது எது?

ஒன்றில்லை. ஆனால் விலையையும் பிரதிகளின் எண்ணிக்கையையும் வைத்துப் பிரிக்காதீர்கள். சேலத்தில் இருந்துகொண்டு இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன், அதை வைத்தே சொல்கிறேன்.

'ஸீன்' என்பது மேகஸீன் என்ற சொல்லின் வால்; நாமே தயாரித்து வெளியிடும் சிறு இதழ். 1930-களில் அமெரிக்க அறிவியல் புனைகதை ரசிகர்கள் தங்களுக்குள் சுற்றுக்கு விட்ட இதழ்களில் தொடங்கியது. 70-களில் பங்க் இசை ரசிகர்கள் கைக்குப் போய் ஜெராக்ஸும் ஸ்டேப்ளருமாக ஆனது. கையெழுத்துப் பத்திரிகை நடத்திப் பழகிய நமக்கு இது அந்நியம் இல்லை.

நான் போட்ட ஸீன், செவ்வாய்ப்பேட்டைக் கடைகளின் பழைய போர்டு எழுத்துகள் பற்றியது. ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன் பெயின்டர்கள் பிரஷ்ஷால் எழுதியவை. ஒரு 'ழ'வின் வாலை வளைத்துப் பக்கத்து எழுத்துக்கு அடியில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள், பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஒரே ஏ4 தாள், மூன்று மடிப்பு, நடுவில் ஒரு வெட்டு; எட்டுப் பக்கம் ஆகிவிட்டது. ஜெராக்ஸ் மெஷின் தாளின் ஓரத்தில் கொஞ்சம் விட்டுத்தான் அச்சடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. அந்த 'ழ'வின் வால் பாதி காணாமல் போனது. மறுபடி சின்னதாக்கி அறுபது பிரதி எடுத்தேன். ஒரு கல்லூரி மாணவர் தன் பிரதியை ஜெராக்ஸ் எடுத்து நண்பர்களுக்குக் கொடுத்தாராம். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் ஏற்காடு மலைப்பாதையை வரைந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு; அதனால் விசிறி மடிப்பாக இருபது மடிப்பு. ஒவ்வொரு மடிப்பிலும் கோடு திரும்பும். அடிவாரத்தில் காய்ந்த மஞ்சள், மேலே காப்பித் தோட்டத்துப் பச்சை. மூடினால் உள்ளங்கை அகலம், விரித்தால் ஓர் ஆள் நீளத்துக்கு நீளும். இதை ஜெராக்ஸ் எடுத்தால் வளைவு இல்லாத வெறும் கோடுதான் மிஞ்சும். மடிப்புதான் அங்கே விஷயமே. இதுதான் ஆர்ட்டிஸ்ட் புக்: புத்தகத்துக்குள் படைப்பு இருப்பதில்லை, புத்தகமே படைப்பு.

அதற்காக ஆர்ட்டிஸ்ட் புக் என்றாலே கையால் செய்த அபூர்வப் பொருள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க ஓவியர் எட் ரூஷே 1963-ல் வெளியிட்ட 'ட்வென்டிசிக்ஸ் கேசலின் ஸ்டேஷன்ஸ்' சாதாரண ஆஃப்செட் அச்சுதான், அப்போது விலையும் சில டாலர்தான். நெடுஞ்சாலையோரத்து இருபத்தாறு பெட்ரோல் பங்க் படங்கள், பங்கின் பெயரும் ஊரும் தவிர விளக்கம் எதுவும் கிடையாது. பக்கம் பக்கமாகப் புரட்டும்போதுதான் அந்த நெடுஞ்சாலை நமக்குள் ஓடும்.

ஆகவே உங்கள் பக்கங்களை வேறு தாளில், வேறு அளவில் போட்டுப் பாருங்கள். சொல்ல வந்தது அப்படியே போய்ச் சேர்கிறதா? சரி, அது ஸீன். சேரவில்லை என்றால் நீங்கள் ஆர்ட்டிஸ்ட் புக் பக்கம் வந்துவிட்டீர்கள். அட்டையை மட்டும் ஸ்கிரீன் பிரின்டிங்கில் போட்டு உள்ளே ஜெராக்ஸ் வைப்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் அதுவும் ஸீன்தான், தீபாவளிச் சட்டை போட்டுக்கொண்ட ஸீன்.