ஃபைபர் மோடம் இடத்தை அடைக்கிறது, சின்னதாக மாற்றிக்கொள்ளலாமா?

வாடகை வீடு, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஃபைபர் பெட்டி கண்ணை உறுத்துகிறது, உள்ளங்கை அளவில் ஒன்று கடையில் விற்கிறார்களே, அதை வாங்கி இதற்குப் பதிலாகச் சொருகிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம். வெறுமனே சொருகினால் மட்டும் வேலை செய்யாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்பது நாள் பிடித்தது.

எங்களுடையது மதுரையில் அப்பா கட்டிய பழைய வீடு. ஹால் சுவரில் ஃபைபர் வந்து முடிகிற வெள்ளை டப்பா. அதிலிருந்து மஞ்சள் ஒயர் இறங்கி, பஞ்சாங்கத்தை விரித்து மாட்டியது போன்ற ஒரு பெட்டிக்குப் போகும். அதற்கு இரண்டு ஆன்டெனா. அதன் வைஃபை பின்னால் இருக்கும் அறைக்கு எட்டவில்லை என்று நானே வாங்கி வைத்த ரவுட்டர் பக்கத்தில். கரண்ட் போனாலும் ஓட ஒரு மினி யுபிஎஸ். மூன்று அடாப்டர், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒரு பழைய தொலைபேசி. இந்தக் கூத்தைப் பார்க்கச் சகிக்காமல் அம்மா எல்லாவற்றின் மேலும் ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்திவிட்டார். சித்திரை வெயிலில் பெட்டி சூடேறி, மத்தியானம் ஆனால் தானாக அணைந்து அணைந்து எரியும். துணியை எடுங்கள் என்று நான், அசிங்கமாக இருக்கிறதே என்று அம்மா. கடைசியில் பெட்டியையே மாற்றுவது என்று முடிவானது.

நாம் எல்லாவற்றையும் மோடம் என்கிறோம். லைன்மேன்கள் ஓஎன்டி என்பார்கள், ஓஎன்யூ என்றும் சொல்வார்கள். அந்தப் பெரிய பெட்டிக்குள் உண்மையில் நான்கு பேர் குடித்தனம் நடத்துகிறார்கள்: ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் பகுதி, ரவுட்டர், வைஃபை, தொலைபேசிக்கான சுற்று. ஃபைபருக்கென்றே கட்டாயம் வேண்டியது முதல் ஆள் மட்டும்தான். அவருக்கு ஒரு விரல் அளவு இடம் போதும். மற்ற மூவருக்கும், அவர்கள் கிளப்பும் சூடு வெளியேறவும்தான் அவ்வளவு பெரிய பெட்டி. ஆகவே பெட்டியைச் சிறிதாக்குவது என்றால், அந்த மூவரையும் வேறு எங்கே குடிவைக்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி. நான் இதைக் கேட்டுக்கொள்ளாமல் கடைக்குப் போனேன்.

சரி, ஏன் வெறுமனே சொருக முடியாது? வீட்டுக்கு வரும் ஃபைபர் எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்களுக்கென்று தனியாக இழுத்து வந்ததில்லை. ஆப்பரேட்டரின் அறையில் இருக்கும் ஓஎல்டி என்ற இயந்திரத்திலிருந்து ஒரே இழை கிளம்புகிறது. வழியில் ஸ்ப்ளிட்டரில் 32 ஆகவோ 64 ஆகவோ பிரிகிறது. ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம், ஒளியைப் பங்கு போடும் வெறும் கண்ணாடி வேலை அது. ஜிபான் என்று ஒரு ஃபைபர் முறை, அதில் அந்த ஒற்றை இழையில் கீழே வருவது நொடிக்கு 2.5 ஜிகாபிட், மேலே போவது 1.25 ஜிகாபிட், அத்தனை வீட்டுக்கும் சேர்த்து. வரும் ஒளி 1490 நானோமீட்டர், போகும் ஒளி 1310 என்பதால் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில்லை. கீழே வருவது எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிதான் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும் படமும் உங்கள் சுவர் வரை வந்துவிட்டுப் போகிறது. தன் பங்கைப் பிரித்தெடுக்கவும், மேலே அனுப்பத் தன் முறை எப்போது என்று தெரிந்துகொள்ளவும் ஒவ்வொரு பெட்டியும் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயர்தான் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் 12 எழுத்து சீரியல் நம்பர். முதல் நான்கு எழுத்து தயாரிப்பாளரைக் குறிக்கும், மீதி எட்டு அந்தப் பெட்டிக்கே உரியது. உங்கள் லைன் ஈபான் என்ற இன்னொரு முறை என்றால் சீரியலின் இடத்தில் மேக் முகவரி, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி எண். ஓஎல்டியில் பதியாத பெயரோடு போய் நின்றால் கதவு திறக்காது.

அதனால் முதல் போன் லைன்மேனுக்கு. சில நிறுவனங்கள் வெளியில் வாங்கிய பெட்டியைச் சேர்க்கவே மாட்டார்கள், அப்படியானால் கதை அங்கேயே முடிந்தது. பிஎஸ்என்எல் போன்ற இணைப்பில் வாடிக்கையாளரே ஓஎன்டி வாங்கிக்கொள்வது சகஜம். எங்கள் ஆப்பரேட்டர் இரண்டுக்கும் நடுவில். “வாங்கிட்டு வாங்கண்ணே, ஏத்தி விடுறேன். ஆனா லைன்ல ஏதாச்சும்னா பழைய டப்பாவ மாட்டித்தான் பாப்பேன், அதைத் தூக்கிப் போட்றாதீங்க” என்றார். நியாயமான பேச்சு. அந்தப் பெட்டி பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து என்பதும் இருக்கிறது. இணைப்பை விடும்போது கேட்பார்கள்.

நான் வாங்கியது எக்ஸ்பான் என்று போட்ட, நெட் கேபிள் சொருக ஒரே ஒரு லேன் துளை கொண்ட பெட்டி. எக்ஸ்பான் என்றால் ஜிபான், ஈபான் இரண்டிலும் ஓடும். அளவு ஒரு சோப்பு டப்பா. வாங்கும்போது அந்த லேன் துளை ஜிகாபிட்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலிவானவற்றில் சில 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும், 200 பிளானுக்குக் காசு கட்டிவிட்டுப் பாதியை அனுபவிப்பீர்கள்.

லைன்மேன் வரும்வரை பொறுமை இல்லை, நானே சொருகிப் பார்த்தேன். சுவரிலிருந்து வந்த முனை பச்சை, புதுப் பெட்டியின் துளை நீலம். வடிவம் ஒன்றுபோல இருந்ததால் சுகமாக உள்ளே போய்விட்டது. அவர் வந்து பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். பச்சை முனையில் கண்ணாடி 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும், நீலத்தில் அந்தச் சாய்வு கிடையாது. இரண்டையும் சேர்த்தால் ஒட்டி உட்காராமல் நடுவில் காற்று இடைவெளி விழும். ஒளியின் பலத்தை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள். பழைய பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் மைனஸ் 21 டிபிஎம் காட்டிய ஒளி இதில் மைனஸ் 27. மைனஸ் கணக்கு என்பதால் எண் கூடினால் ஒளி குறைவு. ஒவ்வொரு மூன்றுக்கும் ஒளி பாதியாகும் என்பதால், ஆறு என்றால் நான்கில் மூன்று பங்கு அந்த மூட்டிலேயே போய்விட்டது. மைனஸ் 27 என்பது பெரும்பாலான ஓஎன்டிகள் தாங்கும் விளிம்பு. அவர் பையிலிருந்து ஒரு முனை பச்சையும் மறுமுனை நீலமுமான பேட்ச் கார்டு என்ற சின்ன ஃபைபர் ஒயர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சுவர் டப்பாவில் பச்சை, பெட்டியில் நீலம். திரும்ப மைனஸ் 21. பிறகு ஆபீசுக்குப் போன் போட்டு, பழைய சீரியலை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றச் சொன்னார். முக்கால் மணி நேரத்தில், பெட்டி ஓஎல்டியோடு சேர்ந்துவிட்டதைக் காட்டும் பான் விளக்கு பச்சையில் நின்றது. அம்மா துணியை மடித்து உள்ளே வைத்தார்.

மூன்றாம் நாள் சித்தியிடமிருந்து என் செல்லுக்கு அழைப்பு. “என்னடா, அக்கா வீட்டு நம்பருக்கு ரெண்டு நாளா அடிக்கிறேன், லைனே போக மாட்டேங்குது. எல்லாரும் நல்லா இருக்கீங்கதானே?”

லேண்ட்லைன். அந்த நம்பருக்கு முன்னால் எண்கள் கூடியிருக்கின்றனவே தவிர, 1994 முதல் அதே நம்பர். அம்மாவின் உறவு வட்டம் முழுவதும் அதில்தான் பேசும், செல்போனை அம்மா அலாரத்துக்கு வைத்திருக்கிறார். ஃபைபர் வந்த பிறகு குரலும் இன்டர்நெட் வழியாகவே போகிறது, போன் ஒயர் சொருகும் துளை அந்தப் பெரிய பெட்டியின் பின்னால்தான் இருந்தது. அந்த ஒயரைப் பிடுங்கியதும் நான்தான். எதற்கு என்று யோசிக்காமலே பிடுங்கி ஓரமாக வைத்திருக்கிறேன். சோப்பு டப்பாவில் போன் துளையே இல்லை. “நெட்டு வேகமா இருக்குன்னியே, போனு எங்கடா?” என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு லேன், ஒரு போன் துளை உள்ள வேறொரு பெட்டியைத் தேட வேண்டி வந்தது. அது சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது, பழையதில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். மறுபடி சீரியல் பதிவு. போனுக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஆபீஸ் பக்கமிருந்துதான் ஏற்ற வேண்டும், அதற்கு நான்கு நாள் ஆனது. முதலில் வாங்கியதைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. அலமாரியில் கிடக்கிறது.

ரவுட்டர் சமாசாரம். சின்னப் பெட்டியைப் பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லுங்கள். அப்போது அது ஒளியை மாற்றிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளும், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இன்டர்நெட்டுக்குள் நுழைகிற பிபிபிஓஇ லாகின் உங்கள் ரவுட்டரில் நடக்கும். இல்லாவிட்டால் பெட்டி ஒரு ரவுட்டர், அதன் பின்னால் உங்களுடையது இன்னொன்று என்று இரட்டை வேலை நடந்து, கேமராவோ கேமோ மக்கர் செய்யும்போது காரணம் தேடித் தேடி அலுத்துப்போவீர்கள். இதற்குப் பழைய பெட்டியைக் கழற்றும் முன்பே மூன்று விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பிபிபிஓஇ பயனர் பெயர், கடவுச்சொல், விலான் எண் (ஒரே ஒயரில் போகும் நெட், போன் போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் எண்). கடவுச்சொல் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், லைன்மேனிடமே கேட்டு வாங்கிவிடுங்கள். பழைய பெட்டியை ரீசெட் செய்து பார்க்கிற ஆசை வந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

இப்போது எங்கள் வீட்டில் சின்னப் பெட்டி ஹால் மூலையில். அங்கிருந்து 12 மீட்டர் லேன் கேபிள் பரண் ஓரமாகப் போய் வீட்டின் நடுவிலிருக்கும் அலமாரி மேல் ரவுட்டரில் முடிகிறது. வைஃபை எல்லா அறைக்கும் கிடைக்கிறது. புதுப் பெட்டியால்தான் வேகம் கூடிவிட்டது என்று வீட்டில் நினைக்கிறார்கள். ஹால் மூலையில் ஒன்றரை அடிச் சுவருக்குப் பின்னால் முடங்கிக் கிடந்த ரவுட்டர் நடுவீட்டுக்கு வந்ததுதான் காரணம். பழைய பெட்டியை வைத்துக்கொண்டே இதைச் செய்திருக்கலாம், சொல்லி என்ன.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு. முன்பு எல்லாம் ஒரே இடத்தில் இருந்ததால் ஒரு மினி யுபிஎஸ் போதும். இப்போது பெட்டிக்கு ஒன்று, ரவுட்டருக்கு ஒன்று என இரண்டு. பெட்டி 12 வோல்ட் 0.5 ஆம்பியர்தான் என்பதால் அதன் யுபிஎஸ் நீண்ட நேரம் நிற்கிறது, ரவுட்டருடையதுதான் முதலில் கையை விரிக்கும். அடாப்டர்களில் பெயர் எழுதி ஒட்டுங்கள். எல்லாவற்றின் முனையும் ஒரே மாதிரி இருக்கும், ஒன்று 9 வோல்ட், ஒன்று 12. மாற்றிச் சொருகினால் எது புகையும் என்று சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

இன்னும் சிறிதாக, ரவுட்டரிலேயே சொருகிவிடும் விரல் அளவு ஓஎன்டி ஸ்டிக்கும் இருக்கிறது. அந்த ஸ்டிக் நுழையும் எஸ்எஃப்பி என்ற துளை உள்ள ரவுட்டர் வேண்டும், அந்த ரவுட்டர்கள் விலை கூடுதல். ஸ்டிக் நன்றாகச் சூடேறும். போன் துளை என்ற பேச்சே கிடையாது. பழுதானால் உங்கள் லைன்மேன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கு அது. வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

மஞ்சள் ஒயரைக் கையாளும்போது கவனம். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அதைச் சுருட்டி ரப்பர் பேண்டு போடாதீர்கள், வளைவு இறுகினால் ஒளி வெளியே கசியும். உள்ளங்கை அகல வட்டமாகத் தளர்வாக விடுங்கள். முனையின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கவே வேண்டாம், அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

உங்களுடையது வாடகை வீடு, ஓனர் ஆணி அடிக்க விடமாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள், லேண்ட்லைன் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போன் இல்லை என்றால் ஒற்றைத் துளைப் பெட்டியே போதும், சனிக்கிழமை ஒரு மணி நேர வேலை. அதை இரட்டைப் பக்க டேப்பால் சுவரில் ஒட்டலாம் என்று தோன்றும். நானும் ஒட்டினேன். சூட்டில் டேப் இளகி மூன்றாம் வாரம் ராத்திரி இரண்டு மணிக்குக் கீழே விழுந்தது. நல்லவேளை, ஃபைபர் முனை உடையவில்லை. இப்போது டிவி ஸ்டாண்டின் பின்பக்கப் பலகையில் இரண்டு சின்ன ஸ்க்ரூவில் தொங்குகிறது. பலகை உங்களுடையது, ஓனர் கேட்க முடியாது.