மூன்று நாள் கணக்கு

கேள்வி: கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். மகன் கேம்பஸில் இரண்டாம் வருடம். "இயேசு இறந்தது யூதர்களின் பாஸ்கா விழா அன்றா, அதற்கு முதல் நாளா? நற்செய்திகளே ஒத்துப்போகவில்லை. வெள்ளி பின்னேரம் அடக்கி ஞாயிறு விடிய எழுந்தால் மூன்று நாள் எங்கே?" என்று கேட்டான். பதில் தெரியாமல் கத்திவிட்டேன். பெரிய வெள்ளிக்குக் கோவிலுக்கும் வரவில்லை. இப்போது எனக்கே மனம் ஆடுகிறது.

பதில்: சகோதரி, மகன் பிழையாக வாசிக்கவில்லை. மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரிலும் இயேசுவின் கடைசி இராவுணவு பாஸ்கா விருந்துதான். யோவானிலோ உரோமை ஆளுநன் பிலாத்துவிடம் அவரைக் கொண்டுபோகும்போது அந்த விருந்து இன்னும் வரவில்லை. தீட்டுப்படாமல் அதை உண்ண வேண்டும் என்பதற்காகவே கூட்டிவந்தவர்கள் அவன் மாளிகைக்குள் நுழையாமல் வாசலில் நிற்கிறார்கள். மாற்குவில் காலை ஒன்பது மணிக்கே சிலுவையில் அறைந்துவிடுகிறார்கள். யோவானில் நண்பகல் ஆகியும் பிலாத்து பேசிக்கொண்டிருக்கிறான். இதற்கு ஒட்டுப்போட எத்தனையோ பேர் முயன்றிருக்கிறார்கள். எனக்கு எந்த ஒட்டும் நிற்பதாகத் தெரியவில்லை. இயேசுவை 'கடவுளின் ஆட்டுக்குட்டி' என்று முதல் அதிகாரத்திலேயே காட்டுகிறது யோவான் நற்செய்தி. பாஸ்கா ஆடுகளை வெட்டும் நாளிலேயே அவர் சாவதாக அது சொல்வது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

மூன்று நாள் விடயம் அவ்வளவு சிக்கல் இல்லை. பிள்ளைக்கு வெள்ளி பின்னேரம் காய்ச்சல் தொடங்கினால், ஞாயிறு காலை டொக்டரிடம் "இன்றோடு மூன்று நாள்" என்றுதானே சொல்வோம்? டெங்குப் பயத்தில் கொழும்பு அம்மாமார் எண்ணுகிற அதே கணக்குத்தான் யூதர்களுக்கும். பழைய ஏற்பாட்டில் எஸ்தர் அரசி 'மூன்று நாள் இரவும் பகலும் உண்ணாதிருங்கள்' என்று சொல்லிவிட்டு, மூன்றாம் நாளே அரசன் முன் போய் நிற்கிறாள்.

சரி, இது விசுவாசத்தைத் தொடுமா? நற்செய்திகளுக்கு முன்பே, கி.பி. 50களின் நடுவில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் எழுப்பப்பட்டார், கேபாவுக்கு (பேதுருவுக்கு) தோன்றினார், பன்னிருவருக்குத் தோன்றினார். திகதி இல்லை, மணி இல்லை. எழுப்பப்படவில்லை என்றால் உங்கள் நம்பிக்கை வீண் என்றும் அங்கேயே எழுதுகிறார். அவர் எல்லாவற்றையும் வைத்தது அந்த ஒன்றின் மேல், மணிக்கூட்டின் மேல் அல்ல.

2019 ஏப்ரல் 21 காலையை எங்கள் ஒழுங்கையில் கேட்டுப் பாருங்கள். கொச்சிக்கடைக் கோயிலில் குண்டு வெடித்த சத்தம் கேட்டபோது அடுப்பில் பால் பொங்கவில்லை, எட்டரை என்பார் பக்கத்து வீட்டு அக்கா. பால் குடித்துக் கோப்பையும் கழுவியாயிற்று, ஒன்பது என்பார் அவர் கணவர். இருவரையும் யாரும் பொய்யர் என்பதில்லை. (நிரூபணமாக இதைச் சொல்லவில்லை. மணி பிசகுவதால் ஒரு சாட்சி உண்மையாகிவிடாது, பொய்யாகியும் விடாது.)

நாளைப் பற்றிய இந்த வாக்குவாதம் புதிதும் அல்ல. கி.பி. 155 அளவில் சிமிர்னா ஆயர் பொலிக்கார்ப்பு உரோமைக்குப் போய், கிறிஸ்தவர்களின் பாஸ்காவை (உயிர்ப்பு விழாவை) எந்த நாளில் கொண்டாடுவது என்று அங்குள்ள ஆயர் அனிசேத்துவுடன் பேசினார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் தன் கோயிலில் நற்கருணை நிறைவேற்றும் இடத்தை அனிசேத்து அவருக்கே கொடுத்தார்.

கத்தியதற்கு முதலில் மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் மாற்கு 15ஐயும் யோவான் 19ஐயும் சாப்பாட்டு மேசையில் விரித்து, எங்கே இடிக்கிறது என்று அவனையே காட்டச் சொல்லுங்கள். இரண்டு பைபிள் எடுங்கள். ஒன்றையே முன்னும் பின்னும் புரட்டினால் ஐந்து நிமிடத்தில் இருவருக்கும் பொறுமை போய்விடும்.